குண்டைச் சுமக்கும் துணி

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரைபிளில் உருண்டை ஈயக் குண்டு குழலின் இரும்பைத் தொடுவதே இல்லை. குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய உருண்டைக் குண்டு, எண்ணெய் தோய்ந்த ஒரு பருத்தி வில்லையில் பொதிந்து உள்ளே இறங்குகிறது. மருந்து வெடித்ததும் குழலின் சுருள் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழலவைப்பது அந்த வில்லைதான். பின்னாலிருந்து தள்ளும் வாயு பக்கவாட்டில் கசியாமல் அடைப்பதும், குழலில் ஈயம் ஒட்டாமல் காப்பதும் அதன் வேலையே. குழல்வாயைக் கடந்ததும் குண்டைக் கைவிட்டுக் கீழே விழுந்துவிடும். ரைபிளின் மற்ற உறுப்புகளைக் கொல்லர் ஒருமுறை செய்து முடித்துவிடுகிறார். வில்லையோ ஒவ்வொரு சூட்டுக்கும் புதிது. ஆகவே, எவ்வளவு உயர்ந்த குழலானாலும், துணி சீராக இல்லாவிட்டால் குறியும் சீராக இருக்காது.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த நீள ரைபிளில், தோள்கட்டையைக் குடைந்து பித்தளை மூடி போட்ட சிறு பெட்டி ஒன்று இருக்கும். வில்லை வைக்கவே அந்தப் பெட்டி. அதன் மூடியில் செதுக்கிய வேலைப்பாட்டை அருங்காட்சியகங்களில் இன்றும் வியந்து பார்க்கிறார்கள். உள்ளே இருந்த துணியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. அன்று லினன் துணியே பெரும்பாலும் கையில் கிடைத்தது. 1793இல் எலி விட்னி பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் பொறியை உருவாக்கிய பிறகு அமெரிக்காவில் பருத்தி மலிந்தது. 1800இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த பேக்கர் ரைபிளின் கட்டையிலும் இப்படியொரு பெட்டி உண்டு. 1849இல் பிரான்சில் வந்த மினியே குண்டு, வெடிக்கும்போது தன் அடிப்பாகமே விரிந்து பள்ளத்தைப் பற்றிக்கொண்டதால், படைகளுக்குத் துணி தேவையற்றுப் போனது. ஆனால் கலை அழியவில்லை. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய தேசிய வாய்வழி ரைபிள் சங்கம் இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் போட்டிகள் நடத்துகிறது. துணி ஆய்வு இன்று உயிரோடிருப்பது இத்தகைய ஆர்வலர்களால்தான்.

கணக்கு எளியது. அரை அங்குலக் குழலின் விட்டம் 12.7 மில்லிமீட்டர், அதற்கு வழக்கமாக எடுக்கும் குண்டு 12.45 மில்லிமீட்டர். பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளில் குண்டுக்கும் இரும்புக்கும் நடுவே எஞ்சும் இடம் ஒரு பக்கத்துக்கு 0.13 மில்லிமீட்டரளவே. பள்ளத்தின் ஆழம் கால் மில்லிமீட்டர் என்றால், அங்கே இடைவெளி 0.38. ஆக, 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள துணி பள்ளத்தைச் சரியாக நிரப்பும். மேடுகளில் மூன்றில் ஒரு பங்காக நசுங்கும். அந்த நசுங்கலையும் இழுவையையும் கிழியாமல் தாங்குவதுதான் நல்ல துணிக்கு இலக்கணம்.

மெத்தை, தலையணை உறைக்கு நெய்யும் கோடு போட்ட துணி இதற்குப் பெயர் பெற்றது. உள்ளே அடைத்த இறகு வெளியே குத்திவராதபடி அதை நெருக்கமாக நெய்கிறார்கள். வாயுவைத் தடுக்கவும் அதே நெருக்கம் உதவுகிறது. ட்ரில் துணியும் ஏற்றது. ஆழமான பள்ளமுள்ள குழலுக்கு டெனிம். பனியன் துணி அறவே ஆகாது. பின்னல் என்பதால் இழுத்த பக்கமெல்லாம் நீளும். கலப்பு நூலும் கூடாது. சந்தேகமிருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். அந்த மணி குழலுக்குள் உருவானால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

அடுத்து வருவது துவைப்பு. பலர் தாண்டிச் செல்வதும், தாண்டக் கூடாததும் இதுவே. பாவு நூல் அறாமலிருக்கத் தறியில் கஞ்சி ஏற்றுவார்கள். விற்பனைக்கு விறைப்பாகத் தெரிய மேலும் கொஞ்சம் பூசுவார்கள். வேட்டிக்கு அழகு சேர்க்கும் கஞ்சி இங்கே பகை. எண்ணெயை உள்ளே இறங்கவிடாது. துணியின் உண்மையான தடிமனையும் மறைக்கும். சோப்பும் சுடுநீரும் சேர்த்து ஒன்றுக்கு இரண்டு முறை துவைத்து, நன்றாக அலசி உலர்த்தினால் கஞ்சி போய்விடும். துணியும் சுருங்கி, இழைகள் இன்னும் நெருங்கும். கடையில் அளந்த அளவு இதனால் மாறிவிடுமாகையால், துவைத்த பிறகே மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டும். தாடைகளை இறுக்கி அளப்பவருக்கு ஓர் எண் வரும், தளர்வாக அளப்பவருக்கு வேறோர் எண் வரும். எந்த இறுக்கமானாலும் ஒருவர் கையில் அது மாறாமலிருந்தால் போதும்.

கருமருந்து எரியும்போது எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியேற, மீதி குழலில் படியும். அதை இளக்கி வைப்பதற்காகவே வில்லைக்கு எண்ணெய்ப் பசை. மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கித் தோய்ப்பது பழைய முறை. இலக்குப் பயிற்சிக்கு எச்சிலே போதும் என்று வாயில் அதக்கிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. ஆனால் கெட்டித்த துப்பாக்கியை நெடுநேரம் சும்மா வைத்தால் எச்சில் உலர்ந்துபோகும், குழலில் துருவும் ஏறும். நீரில் கலக்கும் எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து, துணியை நனைத்து உலரவைக்கும் முறைதான் இவற்றில் மிகச் சீரானது. அப்படி உலர்த்தும்போது கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்ப வேண்டும். தொங்கினால் எண்ணெய் கீழ்முனையில் சேர்ந்து, ஒரே துண்டில் இரண்டு தரம் வந்துவிடும்.

வட்டமாகவோ சதுரமாகவோ முன்கூட்டி வெட்டிவைக்கலாம். குண்டு நடுவில் அமர்ந்தால் வடிவத்தால் பெரிய வேறுபாடு இல்லை. அரை அங்குலக் குழலுக்கு 32 மில்லிமீட்டர் அகலம் போதும். ஆனால் பார்ப்பதற்கு அழகு, நீளப் பட்டையைக் குழல்வாயில் விரித்து, குண்டை அழுத்தி, மிஞ்சிய துணியைக் கையில் திரட்டிக் கத்தியால் ஒரே வீச்சில் அறுப்பது. குண்டு தானாகவே நடுவில் அமைந்துவிடும்.

சுட்டு முடித்ததும் வில்லைகளைப் பொறுக்கிப் பார்ப்பதில்தான் தேர்ந்தவரின் கண் தெரியும். குழலுக்குச் சில மீட்டர் முன்னால் அவை சிதறிக் கிடக்கும். நல்ல வில்லையில் நடுவே குண்டு பதிந்த வட்டம், அதைச் சுற்றி மேடுகள் விட்ட தடங்கள், நைந்த ஓரம். இன்னொரு முறை கெட்டிக்கலாமோ என்று தோன்றுமளவு துணி உறுதியாக இருக்கும். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது எண்ணெய் போதவில்லை. குண்டைச் சுற்றி மட்டும் கருகியிருந்தால் வாயு பக்கவாட்டில் கசிந்திருக்கிறது. இன்னும் தடித்த துணி தேவை. கத்தி வைத்தாற்போல் நேரான வெட்டுகள் இருந்தால் குற்றம் துணியினுடையது அல்ல, குழல்வாயின் விளிம்போ உள் மேடுகளோ கூராக இருக்கின்றன. புதுக் குழல்களில் இது சகஜம், சுடச்சுட மழுங்கிவிடும். குறி தவறும்போது மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன்னால் வில்லையைப் பார்ப்பதே முறை.

ஒரே பெயரில், ஒரே கோட்டில் விற்கும் துணியும் அடுத்த சுருளில் தடிமன் மாறியிருக்கும். பொருந்திய துணி அகப்பட்டால் அந்தச் சுருளிலேயே சில ஆண்டுகளுக்குப் போதுமானதை வாங்கி, துவைத்து, அளந்த எண்ணை ஓரத்தில் எழுதி வைத்துவிட வேண்டும்.