தடித்த வண்ணமும் நனைந்த தெருவும்

லியோனிட் அஃப்ரெமோவின் பெயர் தெரியாதவர்களும் அவர் ஓவியத்தைப் பார்த்திருப்பார்கள். இருபுறமும் ஆரஞ்சும் மஞ்சளுமாக மரங்கள், வரிசையாக விளக்குக் கம்பங்கள், ஒரே குடைக்குள் நடந்துபோகும் இருவர், காலடியில் மின்னும் மழைத்தெரு. இன்றைய பெலாரஸின் வித்தெப்ஸ்க் நகரில் 1955இல் பிறந்து, இஸ்ரேல், அமெரிக்கா, மெக்சிகோ என்று இடம்பெயர்ந்து 2019இல் மறைந்தவர். தூரிகையை ஒதுக்கிவிட்டு, பேலட் கத்தியால் எண்ணெய் வண்ணத்தை அப்பி வரைந்தார். கலைக்கூடங்களுக்காகக் காத்திராமல் இணையத்தில் நேரடியாக விற்றார். கலைக்கூட வாசலை மிதிக்காத பலர் வீட்டுக்கு அசல் ஓவியம் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். அதை நான் சிறிய சாதனையாகக் கருதவில்லை.

அவருடைய முறைக்கு உண்மையான பலம் உண்டு. தூரிகை, முன்பு தொட்ட நிறத்தையும் சேர்த்து இழுத்துவரும். கத்தியைத் துடைத்துவிட்டால் அடுத்த பூச்சு கலங்காமல் விழும். மேடாக நிற்கும் வண்ணத்தின் விளிம்பில் அறை வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. நாம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. நீர்வண்ணத்தில் விளக்கொளி என்பது பெரும்பாலும் தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டுவைப்பது. எண்ணெய் வண்ணத்தில் அது விரலால் தடவிப் பார்க்கக்கூடிய பொருளாகவே ஆகிவிடுகிறது.

ஆனால் விளக்கிலிருந்து கண்ணைத் தரைக்கு இறக்கினால் சிக்கல் தெரியும். காய்ந்த சாலையின் சொரசொரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மழை பெய்ததும் மெல்லிய நீர்ப்படலம் பள்ளங்களை நிரப்புகிறது. தரை இருள்கிறது, அதன்மேல் விழும் விளக்கொளி சிதறாமல் திரும்பி வருகிறது. சொரசொரப்பு மறைவதால்தான் ஈரம் கண்ணுக்கு ஈரமாகத் தெரிகிறது. அஃப்ரெமோவோ மரம், வானம், குடை, சாலை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே தடிப்பைக் கொடுத்துவிடுகிறார். விளைவு, வண்ணக்கல் பதித்த தளம்போல் ஒரு தெரு: அழகாக இருக்கிறது, நனைந்திருக்கவில்லை. போதாததற்கு, சாலையில் விழும் பிம்பமும் விளக்கின் அளவுக்கே பிரகாசிக்கிறது. நனைந்த தாரில் பிம்பம் விளக்கைவிட மங்கலாகத்தான் இருக்கும். இரண்டும் சமமானால் விளக்கு தன் ஒளியை இழக்கிறது.

குஸ்தாவ் கைபோத் 1877இல் வரைந்த பாரிஸ் மழைநாள் தெரு இதற்கு நேர்மாறு. சிகாகோவில் இருக்கும் அந்தப் பெரிய ஓவியத்தில் விழும் மழைத்துளி ஒன்றுகூட இல்லை. அடக்கமான தூரிகைவீச்சு, சாம்பல் பகல், கல் பாவிய தரையில் மங்கிய பளபளப்பு. ஈரம் சந்தேகமின்றித் தெரிகிறது. எனினும் இரவின் விளக்குகளுக்கு அந்த அடக்கம் போதாது.

ஓவியர் பிஸாரோ 1897இல் ஓட்டல் அறை ஜன்னலிலிருந்து பாரிஸின் மோன்மார்த்ர் புல்வார் என்ற அகன்ற சாலையை 14 முறை வரைந்தார். அவற்றில் ஒன்று மட்டுமே இரவுக் காட்சி. அதிலும் வண்ணம் வெளிப்படையாகவே தெரிகிறது, ஆனால் ஒரே விதமாக இல்லை. விளக்குகள் தனித்தனிப் புள்ளிகள். நனைந்த தரையில் அவை கலைந்து நீள்கின்றன. வானத்தை வேறொரு கை வரைந்ததோ என்று தோன்றும். தடிப்பைக் குறை சொல்ல முடியாது என்பதற்கு எனக்கு இந்த ஓவியமே சான்று. தடிப்பு எங்கும் ஒன்றுபோல் பரவும்போதுதான் கெடுகிறது. பெர்லினின் மழை இரவுகளைத் திரும்பத் திரும்ப வரைந்த லெஸர் ஊரி இதை நன்றாக அறிந்திருந்தார். தெருவின் பெரும்பகுதியை இருளுக்கே விட்டுவிட்டு, வண்டி விளக்குகளின் மஞ்சளை மட்டும் கீழ்நோக்கி இழுத்தார்.

கத்தியால் வரையப் பழகுபவர்கள் சாலையை மெல்லிய, இருண்ட பூச்சில் தொடங்கலாம். பிம்பங்களைச் செங்குத்தாக இழுத்து, காயுமுன் மென்மையான தூரிகையால் குறுக்காக ஒருமுறை வருடினால் மேடுகள் படிந்துவிடும். தடித்த வண்ணத்தைக் கடைசியில் விளக்குகளுக்கு மட்டும் வைக்கலாம். தடித்த பூச்சு மேலே தோல் கட்டினாலும் உள்ளே மாதக்கணக்கில் இளகியே இருக்கும். அதன்மேல் சீக்கிரம் காயும் பூச்சு ஏறினால் வெடிக்கும். மெல்லியது கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே என்ற பழைய பட்டறை விதியும் இந்த வரிசையைத்தான் கேட்கிறது.