மறைக்கக் கூடாத தூரம்

ஒரு நிறுவனத்தில் விற்பனைக்கான மென்பொருள் ஒரு சர்வரில் ஓடுகிறது. கிடங்கு இருப்பைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் இன்னொரு சர்வரில். பில் போடுவதற்கு முன் சரக்கு இருக்கிறதா என்று முதல் சர்வர் இரண்டாவதைக் கேட்டாக வேண்டும். இந்தத் தேவைக்குக் கணினித் துறை நாற்பது ஆண்டுகளாக விரும்பிக் கையாளும் வழி ஒன்று உண்டு: அடுத்த சர்வரில் இருக்கும் செயல்கூற்றைத் தன்னிடமே இருப்பதுபோல் பெயர் சொல்லி அழைப்பது. ரிமோட் கால், தொலை அழைப்பு என்று இதற்குப் பெயர். நிரலாளர் எழுதுவது ஒரே வரி. அதற்குப் பின்னால் தரவைப் பொட்டலம் கட்டுவது, நெட்வொர்க்கில் அனுப்புவது, எதிர்முனையில் பிரிப்பது, பதிலைத் திரும்பக் கொண்டுவருவது எல்லாம் நடக்கும். எதுவும் அவர் கண்ணில் படாது. இந்த முறை இவ்வளவு பரவியதற்குக் காரணமே அதுதான். ஆனால் மறைத்தவற்றில் பாதியை மறைத்தது சரி, மீதியை மறைத்தது தவறு என்பது இந்தக் கட்டுரையின் வாதம். பொட்டலம் கட்டும் வேலையை மறைக்கலாம். இடையில் தூரம் இருக்கிறது என்ற உண்மையை மறைக்கக் கூடாது.

முதலில் நன்மையைக் குறைக்காமல் சொல்லிவிடலாம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறைக்கு அடித்தளம். அதற்கு முன் இரண்டு கணினிகளைப் பேசவைக்க ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு வடிவத்தை வகுத்துக்கொண்டது. ஓர் எண்ணின் எந்த பைட் முதலில் வர வேண்டும் என்பதில்கூட இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபாடு. இடைமுக விவரத்தை ஒருமுறை எழுதிக் கொடுத்தால் இரு முனைக்குமான இணைப்பு நிரலைக் கருவியே உருவாக்கித் தரும்படி அவர்கள் செய்தார்கள். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தை அனுப்பினால், நிரல் சர்வருக்குப் போவதற்கு முன்பே கம்பைலர் பிடித்துவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் என்.எஃப்.எஸ். கோப்பு முறை இதே கருத்தின் மேல் எழுந்தது. 1991-இல் கோர்பா, 1997-இல் ஜாவாவின் ஆர்.எம்.ஐ., 1998-இல் ஜாவாவின் வணிகக் கூறுகளுக்கான ஈ.ஜே.பி., 2015-இல் கூகுள் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. என்று பெயர்கள் மாறினாலும் குடும்பம் ஒன்றுதான். நெட்வொர்க் நிரலாக்கம் தெரியாதவர்களும் பெரிய வணிக மென்பொருள்களை எழுத முடிந்ததற்கு இந்தக் குடும்பமே பெரும் காரணம். இதைக் கேலி செய்பவர்களில் பலர் பைட்டுகளைக் கையால் அடுக்கிய காலத்தை அறியாதவர்கள்.

குறைகளில் முதலில் வெளிப்பட்டது வேகம். ஐம்பது வரி கொண்ட ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிக்கும் பெயர், விலை, வரி, இருப்பு என நான்கு விவரங்களைத் தனித்தனி அழைப்பில் கேட்டால் மொத்தம் 200 அழைப்புகள். இரண்டு மென்பொருள்களும் ஒரே நினைவகத்தில் இருந்தால் இந்த 200-க்கும் ஆகும் நேரத்தை யாரும் அளக்கக்கூட மாட்டார்கள். ஒரே டேட்டா சென்டரில் இரு சர்வர்கள் என்றால், போய்வர அரை மில்லி விநாடி வீதம் 100 மில்லி விநாடி, பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று சென்னையிலும் மற்றது மும்பையிலும் இருந்து, போய்வர 20 மில்லி விநாடி ஆனால் நான்கு விநாடி. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சர்வர் இருக்கும் ஊர் மட்டும் மாறியது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைப் போய்வரக் குறைந்தது 10 மில்லி விநாடி ஆகியே தீரும். ஈ.ஜே.பி.யின் முதல் பதிப்புகள் எல்லாக் கூறுகளையும் தொலைவில் இருப்பவையாகவே நடத்தின. விளைவு, 2001-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'உள்ளூர் இடைமுகம்' என்று தனியாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தது. 2002-இல் மென்பொருள் வடிவமைப்பு எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர், பொருள்களைச் சர்வர்களுக்கிடையே பிரிக்காதீர்கள் என்பதையே பகிர்வு வடிவமைப்பின் முதல் விதியாக எழுதினார். பக்கத்தில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றே என்று தொடங்கிய ஒரு முறை, மூன்று ஆண்டுகளில் இரண்டுக்கும் தனித்தனி இடைமுகம் கொடுத்ததைத் தோல்வியை ஒப்புக்கொண்டதாகவே படிக்க வேண்டும்.

இன்று நெட்வொர்க் வேகமாகிவிட்டது, பல கேள்விகளை ஒரே அழைப்பில் கட்டி அனுப்பவும் கற்றுக்கொண்டோம், எனவே இது பழங்கதை என்பார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். 200 அழைப்பை ஒன்றாக்குவது கடினமல்ல. ஆனால் ஒன்றாக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற, அந்த அழைப்பு தொலைவில் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இம்முறை மறைக்கிறது. 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு பிரிவு, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் தன் அமைப்பைப் பல சிறு சேவைகளிலிருந்து ஒரே புரொசஸுக்குள் கொண்டுவந்து உள்கட்டமைப்புச் செலவை 90 சதவீதம் குறைத்ததாக எழுதியது. மேகக் கணினியையே விற்கும் குழுமத்துக்குள் நடந்தது இது. செலவு மட்டுமல்ல, பிரிப்பதால் நம்பகமும் குறைகிறது. ஒரு வேலைக்கு ஐந்து சர்வர்களும் உயிரோடு இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் இயங்குகிறது என்றால், ஐந்தும் சேர்ந்து இயங்குவது 99.5 சதவீதம்தான். மாதத்துக்கு 43 நிமிட முடக்கம் மூன்றரை மணி நேரமாகிறது. பிரிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி, எப்படி இணைப்பது என்பதற்கு முன் வர வேண்டியது.

வேகத்தைவிடப் பெரிய கோளாறு வேறு. ஒரே கணினிக்குள் ஒரு செயல்கூற்றை அழைத்தால் இரண்டே முடிவுகள்: நடந்தது, அல்லது பிழை. தொலை அழைப்பில் மூன்றாவது ஒன்று உண்டு: தெரியவில்லை. பதில் வரவில்லை என்றால், கோரிக்கை போகும் வழியில் தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து சர்வர் விழுந்திருக்கலாம். வேலை முழுதும் முடிந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அழைத்தவருக்கு மூன்றும் ஒரே மௌனம்தான். பிரெல்லும் நெல்சனும் இதை ஒளிக்கவில்லை. அழைப்பு தோற்றால் வேலை ஒருமுறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம், எது என்று பயனருக்குச் சொல்லப்படாது என்று எழுதியே வைத்தார்கள். ஆனால் அதே கட்டுரையில், எதிர்முனைக் கணினி உயிரோடு இருக்கும்வரை பதிலுக்குக் காத்திருக்க நேர வரம்பு எதுவும் வைக்கவில்லை. உள்ளூர் அழைப்புக்கு டைம்அவுட் கிடையாது, எனவே தொலை அழைப்புக்கும் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. மூலவர்களிடமே ஒத்தசாயல் உண்மையை வென்ற இடம் இது. பத்தாண்டு கழித்து, 1994-இல், சன் ஆய்வகத்தின் ஜிம் வால்டோவும் சகாக்களும் இதற்கு மறுப்பு எழுதினார்கள். தாமதம், நினைவக அணுகல், பகுதித் தோல்வி, ஒருங்கே இயங்குதல் என நான்கிலும் தொலைவு வேறு சாதி; மேற்பூச்சால் இதை மறைக்க முடியாது என்றார்கள். என்.எஃப்.எஸ்.தான் அவர்கள் காட்டிய சான்று. அதைக் கடின முறையில் இணைத்தால், கோப்பு சர்வர் விழும்போது அதைத் தொட்ட எல்லாக் கணினிகளும் உறைந்து நிற்கும். மென்முறையில் இணைத்தால், பழைய மென்பொருள்கள் எதிர்பாராத பிழை வந்து கோப்பு சிதையலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, நிரலை எழுதியவரிடமிருந்து நழுவி, கணினியைப் பராமரிப்பவர் தலையில் விழுந்தது.

இது ஆய்வக விவகாரம் என்று எண்ண வேண்டாம். கடையில் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பி, கணக்கில் கழிந்து, கடைக்காரருக்கு வராமல் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பது இந்த மூன்றாம் முடிவுதான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை அதை ஒழிக்க முயலவில்லை. அது வரும் என்று ஏற்றுக்கொண்டு விலை போட்டது. தனிநபர்களுக்கிடையிலான யு.பி.ஐ. பரிமாற்றத்தில் கழிந்த பணம் சேர வேண்டியவருக்குச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், ஏ.டி.எம். இயந்திரம் நோட்டைத் தராமல் கணக்கில் கழித்தால் 5 நாள் கெடு. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிந்த இந்த உண்மை, பல நிறுவனங்களின் நிரலில் ஒரு வரியாகக்கூட இல்லை.

ஏன் இல்லை என்றால், கருவிகளே அதைக் கேட்பதில்லை. ஜாவாவின் பழைய ஹெச்.டி.டி.பி. இணைப்பு வகுப்பில் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு பூஜ்யம். அதற்குப் பொருள், முடிவில்லாமல் காத்திரு. ஜி.ஆர்.பி.சி. காலக்கெடு வைக்க நல்ல வசதி தருகிறது. நாமாக வைக்காவிட்டால் கெடு இல்லை. கிடங்கு சர்வர் சாகாமல் மந்தமானாலே போதும்: விற்பனை சர்வரின் த்ரெட்டுகள் ஒவ்வொன்றாகக் காத்திருப்பில் சிக்கி, கிடங்கோடு சம்பந்தமே இல்லாத லாகின் பக்கமும் திறக்காமல் போகும். இதற்கு மருந்தாகத் தானியங்கி மறுமுயற்சியைச் சேர்ப்பார்கள். மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றும் மூன்று தடவை முயன்றால், ஒரு வாடிக்கையாளரின் ஒரு சொடுக்கு கடைசி சர்வரில் 27 அழைப்புகளாக விழும். ஏற்கெனவே தள்ளாடும் சர்வருக்கு அது சாவுமணி. ஒரே வேலை இருமுறை நடந்தால் பாதகமில்லை என்று உறுதிப்படுத்தாமல் மறுமுயற்சி வைத்தால், இருப்பு இருமுறை கழியும்.

இன்னொரு பிணைப்பும் உண்டு. அது நெட்வொர்க்கைவிட நிர்வாகத்தைச் சார்ந்தது. ஆர்.எம்.ஐ. வழியில் இரு சர்வர்களை இணைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே வகுப்பின் ஜார் கோப்பு இரு பக்கமும் இருக்க வேண்டும். கிடங்குக் குழு அதில் ஒரு புலத்தைச் சேர்த்துப் பதிப்பு எண் பொருந்தாமல் போனால், விற்பனைப் பக்கம் தரவைப் பிரிக்கும்போதே பிழை. எனவே இரு குழுவும் ஒரே இரவில் டெப்ளாய் செய்ய வேண்டும். பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு வழக்கமாக 1099-ஆம் போர்ட்டில் இருக்கும். பொருளோ ஏதோ ஒரு போர்ட்டில் உட்கார்ந்துவிடும். ஃபயர்வால் குழுவிடம் எந்தக் கதவைத் திறக்கச் சொல்வது? சொந்த வீட்டுக்குள் பேசுவதுபோல் எதிரி வரும் பாதையிலும் பேசிய பழக்கத்தின் விலை 2015 நவம்பரில் தெரிந்தது. வெப்லாஜிக் என்ற ஜாவா பயன்பாட்டுச் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் டி3 நெறிமுறை வழியே வரும் ஜாவா பொருளைச் சந்தேகிக்காமல் பிரிப்பதைப் பயன்படுத்தி, வெளியாள் அந்தச் சர்வரில் தன் கட்டளையை ஓட்ட முடியும் என்பது அம்பலமானது.

மூன்றாம் முடிவை ஒழிக்க இரு கட்ட கமிட் இருக்கிறதே என்பது தரவுத்தளப் பின்னணி உள்ளவர்களின் மறுப்பு. முதலில் எல்லாரையும் தயாரா என்று கேட்டு, பிறகு உறுதி செய்யச் சொல்லும் இந்த நெறிமுறை ஒரே கூரைக்குள் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தயார் என்று சொன்ன பின், உறுதி செய் என்ற ஆணை வருவதற்குள் ஒருங்கிணைப்பாளர் விழுந்துவிட்டால், சொன்னவர் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இப்படித் தொங்கும் பரிவர்த்தனைகளைக் காட்டவே தனிப் பட்டியல் உண்டு. நிர்வாகி அதைப் பார்த்து, கட்டாய கமிட்டா கட்டாய ரோல்பேக்கா என்று தீர்மானிக்க வேண்டும். ஆக, தெரியாமை ஒழியவில்லை, இடம் மாறியது. வேறு நிறுவனத்தின் சர்வர் நம் தரவில் பூட்டுப் போட யார்தான் அனுமதிப்பார்கள்?

மற்றொரு மறுப்பு, தொலை அழைப்பை விட்டுவிட்டு மெசேஜ் கியூவுக்குப் போகலாமே என்பது. ஐ.பி.எம். 1993-இல் எம்.கியூ.சீரிஸை வெளியிட்ட நாளிலிருந்து வங்கிகள் இதை நம்புகின்றன, நம்பலாம். அனுப்பியவர் காத்திருப்பதில்லை; பெறுபவர் விழுந்து எழுந்தாலும் செய்தி இருக்கும். எல்லாவற்றையும்விட, இதன் வடிவமே தூரத்தை ஒப்புக்கொள்கிறது. ஆனால் இதன் ஆதரவாளர்கள் சொல்லாமல் விடுவன சில. பெரும்பாலான அமைப்புகளில் செய்தி குறைந்தது ஒருமுறை வரும்; அதாவது இருமுறையும் வரலாம். தரவுத்தளத்தில் ஆர்டரைப் பதிந்து, செய்தியை அனுப்புவதற்குள் சர்வர் விழுந்தால் ஆர்டர் உண்டு, செய்தி இல்லை. இதைத் தடுக்கச் செய்தியையும் அதே தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையில் எழுதி, பிறகு எடுத்து அனுப்ப வேண்டும். பிரிக்க முடியாத செய்திகள் ஒதுங்கும் கியூவை யார் தினமும் திறந்து பார்ப்பது என்று பல இடங்களில் பெயர் குறிக்கப்பட்டிருக்காது. கடைசியாக, கவுன்டரில் நிற்பவர் சரக்கு இருக்கிறதா என்று கேட்டால் பிறகு சொல்கிறேன் என்பது பதிலாகாது.

ஆகவே என் தீர்ப்பு தொலை அழைப்பைத் தூக்கி எறி என்பதல்ல. உடனே பதில் வேண்டிய, எதையும் மாற்றாத கேள்விகளுக்கு, ஒரே நிறுவனத்தின் அருகருகே இருக்கும் சர்வர்களுக்கிடையே, அதுவே சிறந்த வழி. இடைமுக ஒப்பந்தமும் தானாக உருவாகும் நிரலும் எங்கும் இருக்கட்டும். நிலையை மாற்றும் வேலைகளில், அதுவும் பணமும் சரக்கும் நகரும் இடங்களில், அழைக்கும் நிரலிலேயே மூன்றாம் முடிவுக்கு ஒரு கிளை எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புபவர் தரும் அடையாள எண் வேண்டும். அந்த எண் நடந்ததா என்று பின்னர் கேட்க ஒரு வழி வேண்டும். நிறுவன எல்லையைத் தாண்டினால் கியூவும் இரவுநேரக் கணக்குச் சரிபார்ப்பும் தவிர்க்க முடியாதவை. இதனால் நிரல் நீளும், எழுத நாளாகும் என்பது உண்மை. அந்த நாள்களைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் பின்னால் ஆதரவுக் குழுவின் சம்பளமாகத் தருகிறார்கள். இரு மென்பொருள்களை இணைக்கும் வடிவமைப்பு ஆவணம் உங்கள் ஒப்புதலுக்கு வந்தால், டைம்அவுட் எத்தனை விநாடி, பதில் வராவிட்டால் என்ன செய்வது, ஒதுங்கிய செய்தியை யார் பார்ப்பது என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.