பத்து கன மில்லிமீட்டர்

ஒரு டீசல் வண்டியின் டியூனிங் எப்படி என்று பார்க்க எனக்கு நெடுஞ்சாலை வேண்டாம். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் விட்டுவிட்டு, பானட் ஓரமாக இரண்டு நிமிடம் நின்றால் போதும். எல்லா சிலிண்டரும் ஒரே சீராகத் தட்டுகின்றனவா? பின்னால் போய் நின்றால் கண் எரிகிறதா? பெரிய இன்ஜெக்டர் மாட்டிய வண்டி என்று யாராவது சொன்னால்தான் தெரியும் என்கிற மாதிரி அது அமைதியாக நின்றால், அதன் கம்ப்யூட்டரில் கை வைத்தவர் கலைஞர்.

ஹூஸ்டன் பக்கம் ஒரு டீசல் பட்டறையில் அப்படி ஒருவர் வேலை செய்வதை ஒரு ஜனவரியில் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். வண்டி 2006 டாட்ஜ் ராம் பிக்கப். மாட்டு டிரெய்லர் இழுக்கிற ஒரு பண்ணைக்காரருடையது. எஞ்சின் கம்மின்ஸ் 5.9 லிட்டர். 1989 மாடலிலிருந்து டாட்ஜ் பிக்கப்பில் இருந்துவந்த இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் 2003-இல் காமன் ரெயிலுக்கு, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்த டீசல் குழாய்க்கு, மாறியது. பழைய நாசில்களைக் கழற்றி, கால் பங்கு அதிகமாக டீசல் பாய்ச்சும் நாசில்களை மாட்டியிருந்தார்கள். ஸ்பேனர் வேலை முடிந்துவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் மூச்சிரைத்தது. வெளிறிய புகை, கடகடவென்று ஒரு சத்தம்.

காரணம் எளிது. கால் மிதிப்பதைக் கம்ப்யூட்டர் முதலில் டீசல் அளவாக மாற்றுகிறது: ஒரு தடவைக்கு இத்தனை கன மில்லிமீட்டர். பிறகு இன்னொரு டேபிளைப் பார்க்கிறது: ரெயிலில் இப்போது இவ்வளவு அழுத்தம் இருக்கிறது, இந்த அளவு டீசல் போக நாசிலை எத்தனை மைக்ரோ விநாடி திறந்து வைக்க வேண்டும்? அந்த டேபிள் பழைய நாசிலுக்குப் போட்டது. நாசில் மாறிய விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் சைலன்சர் குழாயிலிருக்கும் ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் அதிகம்’ என்று சொல்லிக் கொடுக்கும். இந்த எஞ்சினில் அந்த சென்சாரே இல்லை. பத்து கொடுத்ததாகக் கணக்கு எழுதிவிட்டுப் பன்னிரண்டரை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பத்து கன மில்லிமீட்டர் என்பது எவ்வளவு? ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய ஐம்பது. இந்த எஞ்சின் சும்மா நிற்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டருக்குள் போவது சொட்டில் ஐந்திலொரு பங்கு அளவுதான். முழுச் சுமையில் நூறைத் தாண்டும். முழு வேகத்தில் ரெயில் அழுத்தம் 1,600 பாரையும் தொடும், கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல 700 மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில், அந்தத் துளியை, வேண்டிய நேரத்தில் கொடுத்து நிறுத்துவதுதான் முழு வித்தையும்.

கைதேராதவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? நாசில் 25 சதவீதம் பெரிது, ஆகவே டேபிள் முழுவதையும் ஒரே அடியாக 20 சதவீதம் குறைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடக் கணக்குப்படி சரிதான். எஞ்சினில் தப்பு. மின்சாரம் பாய்ந்ததுமே நாசிலுக்குள் இருக்கும் ஊசி எழுந்துவிடுவதில்லை. எழுவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் ஒரு துளியும் போகாது. நாசிலை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. உதாரணத்துக்கு, மொத்தம் 600 மைக்ரோ விநாடியில் 300 காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். டீசல் பாய்வது மீதி 300-இல். பெரிய நாசிலுக்கு அது 240 ஆனால் போதும். மொத்தம் 540, அதாவது பத்து சதவீதம்தான் குறைக்க வேண்டும். இருபது குறைத்தவர் 480-இல் நிறுத்தி, பாயும் நேரத்தை 180 ஆக்கிவிடுகிறார். வேண்டியதில் முக்கால் பங்குதான் போகும். அதையே 1,500 மைக்ரோ விநாடிக் கட்டத்தில் பார்த்தால் 1,260 வரும், குறைப்பு பதினாறு சதவீதம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. அதனால்தான் அவசரக்காரர்கள் போட்ட டியூன் மேலே சீறிப் பாயும், சிக்னலில் நின்றால் தள்ளாடும்.

ஹூஸ்டன்காரர் கட்டம் கட்டமாகப் போனார். மேலே நூறு கன மில்லிமீட்டர் வரிசைகளைச் சீக்கிரம் முடித்தார். கீழே, பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவில், ஒரு முழு மத்தியானம். ஐந்து மைக்ரோ விநாடி குறைப்பார், கம்ப்யூட்டரில் ஏற்றுவார், ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், மறுபடி லேப்டாப். முதன்மை டீசலுக்கு முன்னால் துளியாகப் போகும் பைலட் இருக்கிறதே, அதில்தான் அவருடைய கை தெரிந்தது. முன்துளி முதலில் பற்றிக்கொண்டால் பின்னால் வருவது மெத்தென்று எரியும், கடகடப்பு அடங்கும். நேரத்தை அதிகமாக வெட்டினால் ஊசி எழுவதற்குள் பைலட் செத்துவிடும், கம்ப்யூட்டர் மட்டும் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும். குறைவாக வெட்டினால் பைலட்டே பெரும் பங்காகிப் புகையும். அவர் அந்த எல்லையைத் திரையில் தேடவில்லை, காதால் தேடினார். மூன்றாவதோ நான்காவதோ முயற்சியில் சத்தம் சட்டென்று உருண்டு திரண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏன் சிலிர்த்தது என்று எனக்குத் தெரியும். நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பம்ப்-நாசில் கடை. பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் கிடப்பேன். லாரியிலிருந்து கழற்றி வந்த மைகோ பம்பை பெஞ்சில் மாட்டி ஓட்டுவார்கள். ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏற வேண்டும். நாசிலைக் கைப்பம்பில் வைத்து அடித்தால் ‘கிர்ர்’ரென்று ஒரு ஒலி வரும். அந்த ஒலி சரியில்லையென்றால் கடைக்கார அண்ணன் பார்வையே போதும், பையன் கழற்றித் தேய்க்க எடுத்துப்போவான். ஹூஸ்டன் லேப்டாப்பில் எண்களாகத் தெரிந்தது அந்தக் கண்ணாடிக் குழாய்கள்தான்.

கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பறப்பதைச் சிலர் வீரம் என்கிறார்கள். எனக்கு அது பார்க்கவே வேதனை. புகை என்பது காற்றுக் கிடைக்காமல் பாதி வெந்த டீசல். பண்ணைக்காரர் காசு கொடுத்து வாங்கிய டீசல். அவர் கேட்டதும் புகையை அல்ல, மேட்டில் டிரெய்லரோடு ஏறும்போது கியர் இறக்காமல் போக வேண்டும் என்பதைத்தான். ஆகவே டர்போ கொடுக்கிற காற்றுக்கு மேல் டீசலை ஹூஸ்டன்காரர் ஏறவிடவில்லை. ஏற்றத்தில் சைலன்சர் வெப்பம் 700 டிகிரி செல்சியஸ் பக்கம் போனதும் காலை எடுத்து, அந்த வரிசைகளை மறுபடி குறைத்தார். புது நாசில் அதே டீசலைக் குறைந்த நேரத்தில் கொடுத்துவிடுகிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி விநாடி போவதற்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடும். மிச்சமாகிற ஒவ்வொரு டிகிரியும் அங்கே காசு. அதனால் தொடங்கும் நேரத்தையும் சற்றே பின்னுக்குத் தள்ளினார்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே பட்டறைக்கு வரச் சொன்னார். சூடான எஞ்சின் தப்பை மறைத்துவிடும் என்றார். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த வண்டியின் பானட்மேல் பனி நீர் கோத்திருந்தது. சாவியைத் திருப்பினார். இரண்டே சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, பத்து விநாடியில் கரைந்தது. ஆனால் ஆறு தட்டலுக்கு ஒரு தட்டல் மிக லேசாகத் தயங்கியது. எனக்குக் கேட்கவில்லை, அவர் சொன்ன பிறகுதான் கேட்டது. எஞ்சினை அணைத்தார். குளிர் நேரத்து டேபிளில் இரண்டு கட்டத்தைத் தொட்டார். இனி மறுபடி ஆற வேண்டும், நாளைக் காலை பார்க்கலாம் என்று சொல்லி லேப்டாப்பை மூடினார்.