மொழித் தேர்வும் களவு வழியும்

இணையவழி மொழித் தேர்வுகளில் மாணவர் செய்யும் முறைகேட்டைப் பற்றிப் பேசுவோர், ஒழுக்கக் குறைவு என்ற ஒரே சொல்லில் தீர்ப்பை முடித்துவிடுகின்றனர். ஒழுக்கக் குறைவு என்பது உண்மையே. ஆயின், அத்தேர்வு எதனை அளக்கிறது, யாருக்காக அளக்கிறது என்று கேளாமல் மாணவனை மட்டும் கூண்டில் நிறுத்துவது அரைகுறை விசாரணையே ஆகும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-ஆம் ஆண்டில் அயல்மொழியாளர்க்கென ஆங்கிலத் தேர்வொன்றைத் தொடங்கியது. எழுதியவர் மூவர், மூவரும் தோற்றனர். ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்ட அத்தேர்வில் மொழிபெயர்ப்பும் ஒலியியலும் இலக்கியமும் இடம்பெற்றன. கடுமைதான், எனினும் மொழிப் புலமையை அறிவதே அதன் நோக்கமாயிருந்தது.

மொழித் தேர்வுக்கு வேறொரு முகமும் உண்டு. ஆஸ்திரேலியா 1901-இல் இயற்றிய குடியேற்றச் சட்டம், கரையிறங்க வருவோரை ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களைக் கேட்டெழுதச் சொல்லும் அதிகாரத்தை அலுவலர்க்கு அளித்தது. எந்த மொழி என்பதை அலுவலரே தீர்மானிப்பார்! பல ஐரோப்பிய மொழிகளை அறிந்த எகோன் கிஷ் என்ற எழுத்தாளரை 1934-இல் தடுக்க விரும்பியவர்கள், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள். உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தேர்வு வைப்பவரே ஏமாற்றிய வரலாறு இது. 1958-இல்தான் அந்தத் தேர்வு ஒழிந்தது.

இன்றைய தேர்வுகளை அதனோடு ஒப்பிடுவது நீதியாகாது. ஆனால் எல்லைக் கதவின் தாழ்ப்பாளாக மொழியை வைக்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. பிரிட்டனில் டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில், மாணவர்க்குப் பதிலாக வேறொருவர் பேசியதையும், கண்காணிப்பாளரே விடைகளை வாசித்ததையும் 2014 பிப்ரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. விசா நீட்டிப்புக்காகவே பலர் அதனை எழுதினர். பின்னர், 2011 முதல் 2014 வரை அந்நாட்டில் எழுதப்பட்ட அத்தேர்வுகளில் 97 விழுக்காடு ஐயத்திற்குரியவை எனக் கணிக்கப்பட்டது. குற்றமற்றோர் சிலரும் தவறாகத் தண்டிக்கப்பட்டிருக்கலாம் என்று அரசுத் தணிக்கை அலுவலகமே 2019-இல் எழுதியது. நேர்மையாக எழுதிய பிள்ளையும் கள்ளனாக எண்ணப்பட்டதே களவின் மிகக் கொடிய விளைவு. வெளிநாட்டுக் கல்விக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் குடும்பங்களும் இதனைக் கருத வேண்டும்.

2020-இல் பெருந்தொற்று வந்தது. தேர்வு வீட்டுக்குள் நுழைந்தது. டோஃபல் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாயிற்று. சுமார் ஒரு மணி நேரத்தில் முடியும் டுவோலிங்கோ தேர்வையும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றன. ஒளிப்படக் கருவி கண்காணிக்கிறது. கருவியின் பார்வைக்கு அப்பால் இன்னொரு திரை இருக்கக்கூடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், கட்டுரை எழுத மனிதத் துணையும் வேண்டாதாயிற்று.

இதற்கு முன்னரே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 40 நிமிடங்களில் 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரையொன்று எழுத வேண்டும். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரையையும் முடிவுரையையும் மனப்பாடமாக்கித் தருவதைப் பயிற்சி நிலையங்கள் பல தொழிலாகவே கொண்டுள்ளன. கட்டணம் செலுத்திப் பயிலும் இதனை எவரும் களவு என்பதில்லை. தன் சொல்லன்று, அச்சில் வார்த்த சொல்லே மதிப்பெண் பெறும் என்று மாதக்கணக்கில் பழக்கப்பட்டவன், அந்த அச்சைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்க ஏன் கூசுவான்? மொழி கற்போன் தன் பிழையோடு பேசித்தான் தேற முடியும். பிழையோ அவனுக்கு ஓர் ஆண்டையும், கட்டிய பணத்தையும் இழக்கச் செய்கிறது.

அதே ஐஇஎல்டிஎஸ் தேர்வில் தேர்வாளரோடு 11 முதல் 14 நிமிடங்கள் நேர்முகமாகப் பேசும் பகுதியும் உண்டு. எதிர்பாராத வினாவுக்கு மனப்பாடம் உதவாது. இரவல் நாவும் அங்கே எளிதில் நுழையாது. மாணவரை ஏற்கும் பல்கலைக்கழகங்கள், மலிவான எண்ணொன்றை நம்புவதை விட்டு, தம் ஆசிரியர் ஒருவரை அரைமணி நேரம் அவரோடு பேச வைக்கலாம். அதற்குச் செலவாகும், அச்செலவை இப்போது மாணவர்தாம் வேறு வகையில் செலுத்துகின்றனர்.