ஆர்னால்ட் புஜமும் பாட்டி நாற்காலியும்

போன மாதம் அக்கா பையன் வீட்டுக்கு வந்தான். இருபத்திரண்டு வயசு. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடுகிற இடைவெளியில் ஜிம்முக்குப் போய்க்கொண்டிருக்கிறான். டி-ஷர்ட் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு, "எட்டு மாசம் மாமா, பாருங்க... இவ்வளவுதான் வந்திருக்கு" என்றான். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அவனுக்குப் போதவில்லை.

"மாஸ்டர் ஒரு ஊசி சொல்றார். பத்து வாரம். கூடவே ஒரு டப்பா பவுடர். சாம்பியன் எல்லாரும் போடறதுதானாம். ஆர்னால்டே போட்டிருக்கார்ங்கறார்."

இந்த வயசில் அட்வைஸ் பண்ணினால் காதை மூடிக்கொள்வார்கள், நாமும் அப்படித்தான் இருந்தோம். "ஞாயித்துக்கிழமை வாடா, ஆர்னால்ட் படம் பார்க்கலாம்" என்றேன். 'டெர்மினேட்டர்' என்று நினைத்துக்கொண்டு வந்தான்.

நான் போட்டது 'பம்ப்பிங் அயர்ன்'. 1977-ல் வந்த டாக்குமென்டரி. ஜார்ஜ் பட்லரும் ராபர்ட் ஃபியோரேயும் இயக்கியது. சார்ல்ஸ் கெயின்ஸ் எழுத, பட்லர் போட்டோ எடுத்து, 1974-ல் இதே பெயரில் வந்த புத்தகம்தான் மூலம். 1975-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்தில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ், மிஸ்டர் ஒலிம்பியா போட்டிகள்தான் கதை. அன்றைக்கு பாடி பில்டிங் என்றால் அமெரிக்காவிலேயே சர்க்கஸ் சமாசாரம். பட்லருக்குப் பாதியில் பணம் தீர்ந்துபோய், 1976-ல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் ஆர்னால்டையும் கூட்டாளிகளையும் சிலை மாதிரி நிற்கவைத்து, கலைப் பேராசிரியர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லித் திரட்டிய காசில்தான் மீதியை முடித்தார்.

படம் இன்றைக்கும் பிரமாதம். ஒரு பக்கம் கலிஃபோர்னியா வெனிஸ் கடற்கரை வெயில், கோல்ட்ஸ் ஜிம், கண்ணாடிக்கு முன்னால் சிரித்துக்கொண்டே ஆர்னால்ட். இன்னொரு பக்கம் புரூக்ளினில் இருட்டான ஒரு ஜிம்மில் லூ ஃபெரிக்னோ. சின்ன வயசிலேயே காது சரியாகக் கேட்காது. அப்பாதான் கோச். எண்ணுவதும் கத்துவதும் அப்பா, தூக்குவது மட்டும் பையன். போட்டியன்று காலை டிபன் மேஜையில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து, 'ஜெயித்துவிட்டேன் என்று அம்மாவுக்கு நேற்றே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்' என்று ஆர்னால்ட் சிரித்தபடி எடுத்துவிடும்போது, ஃபெரிக்னோவின் கை சைஸ் அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் சின்னதாகிப்போகிறார். மைக் காட்ஸ் என்று ஒரு ஸ்கூல் வாத்தியார் வருகிறார். தோற்றபிறகு அவர் சிரிக்க முயற்சி பண்ணுகிற அந்த முகத்துக்காகவே படத்தை இரண்டாம் தடவை பார்க்கலாம். பையன் போனை எடுக்கவே இல்லை. நல்ல அறிகுறி.

ஆனால் இது டாக்குமென்டரி என்று போட்டிருக்கிறதே தவிர, பாதி ஜோடனை. காட்ஸின் டி-ஷர்ட்டைத் திருடப்போவதாக கென் வாலர் திட்டம் போடுகிற காட்சியைப் போட்டி முடிந்தபிறகு எடுத்து முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். போட்டிக்கான பயிற்சி கெடும் என்று அப்பாவின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகவில்லை என்று ஆர்னால்ட் கல்மனதோடு சொல்கிறாரே, அது அவர் கதையே இல்லை. எங்கேயோ கேட்ட இன்னொருவர் கதையைத் தன் கதையாகச் சொன்னேன் என்று இருபத்தைந்து வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். கதை சொல்ல இதெல்லாம் தேவை என்பது பட்லர் கட்சி. சினிமாவாக எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை, படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி. இத்தனை புஜங்களைக் காட்டுகிற படத்தில் ஸ்டீராய்டு பற்றிப் பேச்சே கிடையாது. அந்த நாளில் சட்டப்படி குற்றமில்லை; டாக்டர் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டேன் என்று ஆர்னால்டே பின்னால் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். படத்தில் அது விட்டுப்போனதால் என்ன ஆனதென்றால், பார்த்த பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பலனுக்குக் காரணம் கோல்ட்ஸ் ஜிம்மில் அவர் பண்ணிய எக்ஸர்சைஸ்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் எத்தனை செட், எந்த ஆங்கிள், எத்தனை முட்டை என்று மந்திரம் மாதிரி உருப்போட்டார்கள். இன்றைக்கும் போடுகிறார்கள். 2014 செப்டம்பரில் ஷங்கரின் 'ஐ' பட ஆடியோ விழாவுக்கு அவர் சென்னை வந்தபோது, பிறந்தபோதே அவர் ரிட்டயர் ஆகியிருந்த பையன்களெல்லாம் ஆணழகன் போஸில் நின்றார்கள்.

அதே காலத்தில் 'விஞ்ஞானம்' என்ற பெயரிலும் ஒரு வித்தை நடந்தது. 1973-ல் கொலராடோவில் ஆர்தர் ஜோன்ஸ் என்கிற ஜிம் மெஷின் வியாபாரி, தன்னுடைய நாட்டிலஸ் மெஷினை வைத்துப் பரிசோதனை என்று ஒன்று பண்ணினார். கேஸி வியேட்டர் என்ற இளைஞர் 28 நாளில் 63 பவுண்டு தசை ஏற்றிவிட்டார் என்று அறிவிப்பு. இடம் பல்கலைக்கழகம், அளவு துல்லியம், போட்டோ உண்டு. ஆனால் வியேட்டர் ஏற்கெனவே மிஸ்டர் அமெரிக்கா. சில மாதம் முன்னால் விபத்தில் விரல் போய், ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் சாகப் பிழைக்கக் கிடந்து, இளைத்துப்போனவர். இழந்ததைத் திரும்பப் பெறுவது வேறு, புதிதாகப் பெறுவது வேறு. தவிர, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஆள்கூடச் சரியாக இல்லை. மெஷின் விற்பவரே தீர்ப்பும் எழுதினார். நோட்டுப் புத்தகமும் தராசும் இருந்தால் மட்டும் ஆதாரம் ஆகிவிடாது.

படம் முடிந்ததும் பையனிடம் வேறொரு கதை சொன்னேன். ஹீரோ கிடையாது.

1996-ல் ஷலேந்தர் பாசின் என்கிற இந்திய வம்சாவளி டாக்டர் அமெரிக்காவில் 43 ஆண்களை நாலு கோஷ்டியாகப் பிரித்தார். ஒரு கோஷ்டிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, வாரம் 600 மில்லிகிராம், எக்ஸர்சைஸ் கிடையாது. ஒரு கோஷ்டிக்கு எக்ஸர்சைஸ், ஊசி பொய் ஊசி. ஒரு கோஷ்டிக்கு இரண்டும். கடைசிக் கோஷ்டிக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம். ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை ஆறு கிலோ ஏறியது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் இரண்டு. ஊசி போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்குச் சுமார் மூன்று.

"அப்போ ஊசி வேலை செய்யுதுல்ல?" என்றான் பையன், கண்ணில் வெளிச்சத்தோடு.

செய்கிறது. மறைப்பானேன்? 'அதெல்லாம் சும்மா' என்று டாக்டர்கள் ரொம்ப நாள் சொல்லிப் பார்த்துத்தான் பையன்களிடம் நம்பிக்கை இழந்தார்கள். வெளியிலிருந்து வந்தால் உள்ளே உற்பத்தி நின்றுபோகும், விந்தணு குறையும், விரை சுருங்கும், இதயத்துக்கும் ஆகாது. வாங்குகிற சீசாவுக்குள் என்ன இருக்கிறது என்பது மாஸ்டருக்கே தெரியாது. இதைச் சொன்னேன். நான் சொல்லவந்த விஷயம் இன்னொன்று. ஊசி போட்டவர் சும்மா உட்கார்ந்தே உன்னைவிட அதிகம் ஏற்றுகிறார் என்றால், அவர் எக்ஸர்சைஸ் முறையைக் காப்பி அடித்து உனக்கு என்ன ஆகப்போகிறது? சாம்பியனிடம் யோசனை கேட்கிற வழக்கமே அங்கே அடிபட்டுப் போகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜிம்மில் வியர்வை சிந்துகிற ஆட்களே சிலர் படித்து ஆராய்ச்சிக்கு வந்தார்கள்; சிலர் வராமலேயே கட்டுரைகளைப் படித்துக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். 'பெரியவர் சொன்னார்' போய் 'எப்படித் தெரியும்?' வந்தது. ஜிம் வேதங்கள் ஒவ்வொன்றாகத் தராசுக்கு வந்தன.

கால் எக்ஸர்சைஸ் பண்ணினால் ஹார்மோன் சுரந்து கை பெருக்கும் என்பது ஒரு வேதம். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2010-ல் பன்னிரண்டு பேரிடம், ஒரு கைக்கு வெறும் பயிற்சி, மறு கைக்குப் பயிற்சியோடு காலுக்கும் கொடுத்துப் பதினைந்து வாரம் பார்த்தார்கள். ஒரே ஆள், இரண்டு கை. இதைவிட அழகாக ஒரு சோதனையை யோசிக்க முடியாது. வித்தியாசம் இல்லை. கனமாகத் தூக்கினால்தான் தசை என்பது அடுத்த வேதம். 2012-ல் அதே இடத்தில், தூக்கமுடிந்த அதிகபட்சத்தில் 30 சதவீத எடையை, இனி முடியாது என்கிற வரைக்கும் தூக்கியவர்களுக்கும் 80 சதவீத எடைக்காரர்களைப் போலவே தொடை பெருத்தது. பலம் மட்டும் கனம் தூக்கியவர்களுக்குக் கூடுதல். எக்ஸர்சைஸ் முடிந்து அரை மணிக்குள் புரோட்டீன் குடிக்காவிட்டால் எல்லாம் பாழ் என்பதையும் 2013-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, நாள் முழுக்க எவ்வளவு என்பதுதான் முக்கியம் என்று முடித்தார்கள். அதை எழுதியவர்களில் ஒருவர் பிராட் ஷோன்ஃபெல்ட், ஜிம் கோச்சாக இருந்து விஞ்ஞானி ஆனவர். தசை வளர மூன்று காரணம் என்று 2010-ல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் உலகமே மேற்கோள் காட்டியது. தசையில் விழும் இழுவிசைதான் முக்கியம், மற்ற இரண்டுக்கும் அவ்வளவு ஆதாரமில்லை என்று பின்னால் அவரே இறங்கிவந்தார். தன் புகழுக்குக் காரணமான கட்டுரையைத் தானே திருத்துகிற மனிதரை இலக்கிய உலகில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

எவ்வளவு புரோட்டீன்? 2018-ல் 49 சோதனைகள், 1,863 பேர் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்கு மேல் போனால் சராசரியில் பெரிய லாபம் தெரியவில்லை. கூடுதல் புரோட்டீன் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த அதிகப்படி எடை, சில மாதப் பயிற்சிக்குப் பிறகு, முந்நூறு கிராம். பையன் 65 கிலோ. 104 கிராம் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் எட்டு, நூறு கிராம் வறுத்த கடலையில் சுமார் இருபது, வெந்த கோழி நூறு கிராமில் முப்பது. அம்மாவிடம் சொன்னால் நடக்கிற காரியம். பவுடர் தேவையானால் அதுவும் ஒரு சாப்பாடுதான், மந்திரம் இல்லை. அதுவும் டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருந்தால்! 2024-ல் கேரளத்து டாக்டர் சிரியாக் அபி பிலிப்ஸும் சகாக்களும் இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைத் தங்கள் கைக்காசில் சோதித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ எழுபது சதவீதத்தில் லேபிள் சொன்ன புரோட்டீன் கணக்கு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

இந்த ஆதாரக் கட்சிக்கும் அசட்டுத்தனங்கள் உண்டு. பெரும்பாலான சோதனைகள் பத்துப் பதினைந்து கல்லூரிப் பையன்களை இரண்டு மூன்று மாதம் வைத்துப் பார்த்தவை. பெண்கள் கம்மி. அதை வைத்துக்கொண்டு தசம புள்ளிக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால், போய் நாலு தண்டால் எடுங்களேன் என்று தோன்றும். குரோட்டோனில் மிலோ என்ற மல்லன் கன்றுக்குட்டியைத் தினம் தூக்கிப் பழகி, அது வளர்ந்தபோது காளையையே தூக்கினான் என்கிறது கிரேக்கக் கதை. இன்றைய ஆய்வுகளின் சாரத்தில் பாதி அதுதான். மூன்று செட் பத்து ரெப் என்று ஜிம்முக்கு ஜிம் சொல்கிறார்களே, அது தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் இரண்டாம் உலகப்போரில் முழங்கால் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு வகுத்த முறையிலிருந்து வந்தது. ஓய்வு கொடு, லேசாக ஆட்டு என்று மற்ற டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தை ஏற்று என்றவர். வாலிபத்தில் காய்ச்சலில் விழுந்து, வெயிட் தூக்கியே தேறினவர். அதனால் வந்த தைரியம்.

பையன் எழுந்து போகப் பார்த்தான். கடைசியாக ஒன்று என்று பிடித்து உட்காரவைத்தேன். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாடரோன் என்ற பெண் டாக்டர், 86 முதல் 96 வயது வரைக்கும் பத்துப் பேரைக் காலால் எடை தூக்கவைத்தார். லேசான எடை அல்ல, அவர்களால் முடிந்ததில் பெரும்பகுதி. எட்டே வாரம். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் ஏறியது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். 'பம்ப்பிங் அயர்ன்' மாதிரி நூறு படம் எடுத்தாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது, யாரும் எடுக்கவில்லை.

சமையலறை வாசலில் நின்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்தொன்று. போன வருஷம் பாத்ரூமில் விழுந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை தேவை. எங்கள் வீட்டில் எல்லோரும் அவளுக்குச் சொன்ன ஒரே வைத்தியம், 'நீ அசையாம உக்காரு.' இத்தனை வாசித்த நானும் அதையேதான் சொன்னேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இப்போது காலை, சாயங்காலம் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருகிறாள். முதல் வாரம் இரண்டு தடவை; இப்போது ஒன்பது. எண்ணுவது பேரன்.

"எனக்கென்னடா, மிஸ்டர் மெட்ராஸ் போட்டியா?" என்கிறாள்.

ஊசி போட்டுக்கொண்டானா என்று நான் கேட்கவில்லை. போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றுகிறது, புஜம் அப்படியேதான் இருக்கிறது. பவுடர் மட்டும் ஒரு டப்பா வாங்கிவிட்டான். காலியான டப்பாவில் அக்கா துவரம்பருப்பு கொட்டி வைத்திருக்கிறாள்.