மாத்திரை வந்தாச்சு, பாதத்தை யார் பார்ப்பது?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம்தான். ஒரு நாள் கூலியை விட்டுட்டு சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நின்ற விளாத்திகுளம் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், வாழ்த்துவார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

சிக்கல் எங்கே தெரியுமா? மாத்திரை வாசலுக்கே வந்துவிட்டால், ‘அதான் வைத்தியம் நடக்குதே’ என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகத் தோணாது. விரலைக் குத்திப் பார்ப்பது அன்றைய கல்லாக் கணக்கு மட்டும். (பி.காம். புத்தி, மன்னிக்கவும்!) மூன்று மாதக் கணக்கைச் சொல்வது ஹெச்பிஏ1சி டெஸ்ட். விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதம்... இவை வருஷாந்திர ஆடிட்.

பாதத்தைச் சோதிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. அதை வைத்துத் தொட்டு, ‘தெரியுதா?’ என்று கேட்க வேண்டும், அவ்வளவே. கரிசக்காட்டில் செருப்பில்லாமல் மிளகாய் பறிக்கிறவருக்கு உடைமுள் ஏறியதே தெரியவில்லை என்றால் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

இத்தனை லட்சம் பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேரின் கண்ணையும் பாதத்தையும் பார்த்தோம் என்ற கணக்கையும் அதிகாரிகள் வருஷா வருஷம் வெளியிடட்டும். அதுவரை நீங்களே கேளுங்கள்: “டாக்டர், எங்க அய்யா பாதத்தை எப்போ பாப்பீங்க?”