மில்வாக்கி: பாட்டில் மேல் ஒரு கையுறை

மில்வாக்கி பீர் நகரம் ஆனதற்கு முக்கியக் காரணம், அந்த ஊரில் பீர் குடிக்கப் போதுமான ஆள் இல்லாததுதான். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அங்கே ப்ரூவரி சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களையும் சொல்லி அனுப்புகிறார்கள்.

சிகாகோவிலிருந்து வடக்கே 90 மைல். ஹயவாதா ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். போன இலையுதிர் காலத்தில் மூன்று நாள் அங்கே தங்கி, பெரிய ப்ரூவரி, சின்ன ப்ரூவரி, மூடிப்போன ப்ரூவரி என்று சுற்றினேன். எந்த பீர் நல்லா இருக்குன்னு கேட்டு வந்தவர்கள் மன்னிக்கணும். நான் அரை கிளாஸ் ஆள். எனக்கு ஆர்வமெல்லாம் அந்தச் சுற்றிக்காட்டல் மேல்தான். ப்ரூவரி டூர் என்பது முக்கால் மணி நேரத்தில் ஒருவர் நின்றபடியே சொல்லி முடிக்கிற ஊர் வரலாறு. அதற்குத் தொடக்கம், நாயகன், நகைச்சுவை எல்லாம் உண்டு. விட்டுப்போனவையும் உண்டு. புத்தகத்தை விமர்சிப்பது போல அதையும் விமர்சிக்கலாம் என்பது என் கட்சி.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இது. 1840-களில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். லாகர் பீரைக் குளிர்ச்சியில் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். மிச்சிகன் ஏரியில் குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்டி எடுக்கலாம். ஜெர்மானியர் கூட்டல் பனிக்கட்டி, விடை பீர். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மானியர்கள் சின்சினாட்டியிலும் செயின்ட் லூயிஸிலும் நிறையவே இருந்தார்கள். பனிக்கட்டி சிகாகோவுக்கும் கிடைத்தது, அதே ஏரிதானே. பிறகு ஏன் மில்வாக்கி?

1870 மக்கள்தொகைக் கணக்கில் மில்வாக்கியில் சுமார் 71,000 பேர். சின்சினாட்டியில் 2 லட்சத்துக்கும் மேல். சின்சினாட்டிக்காரர் வடித்ததை சின்சினாட்டியிலேயே விற்றுவிடலாம், வெளியூரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மில்வாக்கிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. வளரணும்னா ரயிலேற்றி அனுப்பியே ஆகணும். தாமஸ் காக்ரன் 1948-ல் எழுதிய பாப்ஸ்ட் கம்பெனி வரலாறு என்னை இந்தத் திசையில் யோசிக்க வைத்தது. 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது அங்கிருந்த ப்ரூவரிகளும் எரிந்தன. பக்கத்திலேயே ஒரு பெரிய சந்தை திறந்துகொண்டது. ஷ்லிட்ஸ் பீப்பாய் பீப்பாயாக தானம் அனுப்பினார் என்பது விளம்பரத்துக்குத் தோதான பகுதி. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் சிகாகோவில் விற்றுக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் வரலாற்றுக்கு வேண்டிய பகுதி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒரு குழாய். வரிக் கணக்குக்காக, பீரை வடிக்கும் இடமும் பாட்டிலில் அடைக்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பீப்பாயில் நிரப்பி, வரி முத்திரை ஒட்டி, உருட்டிக்கொண்டு போய், எதிர்க் கட்டடத்தில் மறுபடி திறந்து பாட்டிலில் ஊற்ற வேண்டும். பிரெடரிக் பாப்ஸ்ட் வாஷிங்டனில் முயன்று 1890-ல் சட்டத்தை மாற்ற வைத்தார். அதன்பின் ப்ரூவரியிலிருந்து பாட்டில் கூடத்துக்கு நேராகக் குழாய். பாட்டில் பீர் தூரம் போகக்கூடிய சரக்கானதற்கு இந்தக் குழாயும் ஒரு காரணம். 1899-ல் நியூயார்க்கில், இன்றைய டைம்ஸ் ஸ்கொயர் இருக்கும் இடத்தில், பாப்ஸ்ட் பெயரில் ஒரு ஹோட்டலே இருந்தது. ஷ்லிட்ஸின் பிரபலமான விளம்பர வாசகம் என்ன? மில்வாக்கியைப் புகழ்பெறச் செய்த பீர் என்பது. வெளியூர்க்காரன் குடித்தால்தானே புகழ்.

சரி, டூருக்கு வருவோம். மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மில்லரில் குகைக்குக் கூட்டிப்போகிறார்கள். பிரெடரிக் மில்லர் 1855-ல் வாங்கிய சிறிய ப்ரூவரியைச் சேர்ந்த குகை அது. குளிர்சாதனம் வருவதற்கு முன் பீப்பாய்களை அங்கேதான் அடுக்கினார்கள். உள்ளே நின்றால் கழுத்தில் சில்லென்று இறங்கும். எந்தப் பலகையும் சொல்லித்தராததை அந்தக் குளிர் சொல்லித்தந்துவிடுகிறது. பெரிய கம்பெனி என்பதற்காக மட்டம் தட்ட எனக்கு மனசில்லை.

பாப்ஸ்ட் வளாகத்தில் ஆலை கிடையாது, நினைவுதான். 1996-ல் இங்கே உற்பத்தியை நிறுத்தினார்கள். வடிகலன் இருந்த கட்டடம் இப்போது ஹோட்டல். பழைய அலுவலகம் பெஸ்ட் பிளேஸ் என்ற பெயரில் டூரும் பாரும் நடத்துகிறது. ஷ்லிட்ஸ் வளாகமோ அலுவலகப் பூங்காவாகிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டையோடு என் ஜாதி ஆட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தபோது சற்று கூச்சமாகவே இருந்தது.

மூன்றாவது லேக்ஃபிரண்ட். 1987-ல் கிளிஷ் சகோதரர்கள் தொடங்கியது. ஆற்றங்கரையில், நிலக்கரி எரித்து மின்சாரம் எடுத்த பழைய கட்டடத்தில் இருக்கிறது. ஊரிலேயே நல்ல டூர் இதுதான் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். கையில் பீரைக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். தொட்டிகளுக்கு மூன்று ஸ்டூஜஸின் பெயர், முகமும் வரைந்திருக்கிறது. பழைய கவுண்ட்டி ஸ்டேடியத்தில் ஹோம் ரன் அடித்ததும் பெர்னி ப்ரூவர் சறுக்கி வருவாரே, அந்த மரவீடும் இங்கேதான் இருக்கிறது. கடைசியில் பாட்டில் வரிசைக்கு வந்ததும் ஒரு பாட்டில் தலையில் ரப்பர் கையுறையை மாட்டி, வரிசையில் ஓடவிட்டு, எல்லோரும் சேர்ந்து 'லவெர்ன் அண்ட் ஷெர்லி' தொடரின் பாட்டைப் பாட வேண்டும். பாடினேன். நன்றாகத்தான் இருந்தது.

பாடி முடித்ததும்தான் உறைத்தது. அந்தத் தொடர் 1976 முதல் 1983 வரை வந்தது. 1950-களின் கடைசியில் மில்வாக்கியில், ஷாட்ஸ் என்ற கற்பனை ப்ரூவரியில், பாட்டில் பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களின் கதை. அந்தக் கையுறை தொடரின் ஆரம்பக் காட்சியில் வருவது. ஆக, இந்த ஊரில் பாட்டில் வரிசையில் நின்ற தொழிலாளி என்றால் வருகிறவர்களுக்கு நினைவு வருவது, இல்லாத ஆலையில் வேலை பார்த்த இல்லாத இரண்டு பெண்கள். நிஜமாக நின்றவர்கள் எங்கே?

1953 மே 14-ல் மில்வாக்கியின் ப்ரூவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 76 நாள். மற்றப் பகுதி ஆலைகளுக்கு இணையான கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டார்கள். முதலில் இறங்கி வந்தது பிளாட்ஸ் கம்பெனி; தனியாக ஒப்பந்தம் போட்டதற்காக மற்ற முதலாளிகள் அதைச் சங்கத்தை விட்டே தள்ளினார்கள். அப்போது மேயராக இருந்த பிராங்க் சைட்லர் சோஷலிஸ்ட். தப்பாகப் படிக்கவில்லை, சோஷலிஸ்ட்தான். 1910 முதல் 1960 வரை இந்த ஊருக்கு அப்படி மூன்று மேயர்கள் இருந்திருக்கிறார்கள். பீர் நகரத்தின் கதையில் இதைவிடப் பெரிய கோடை இல்லை என்று நினைக்கிறேன்.

நான் போன இன்னொரு டூரில், பெயர் வேண்டாம், வழிகாட்டியிடம் 1953 பற்றிக் கேட்டேன். இளவயசுப் பையன். சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் மனப்பாடம் செய்ததில் அது இல்லை. கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பெரியவர்தான் பதில் சொன்னார். அவர் அப்பா ஒரு பாட்டில் கூடத்தில் இருந்தவராம். "அந்தக் கோடையில்தான் எங்க வீடு வெளிப்பக்கம் முழுசா பெயின்ட் பார்த்தது. அப்பாவுக்கு வேற வேலை இல்லை" என்றார். பிறகு அம்மா கடைக்காரரிடம் கடன் சொன்னதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் கூட்டம் ருசி பார்க்கும் அறைக்கு நகர்ந்துவிட்டது.

வேலைநிறுத்தத்தைச் சொல்பவர்களும் ஒரு மாதிரியாகத்தான் சொல்கிறார்கள்: தொழிலாளி கூலி கேட்டான், அந்த இடைவெளியில் செயின்ட் லூயிஸின் பட்வைசர் முந்திவிட்டது, மில்வாக்கி படுத்துவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. 76 நாளில் இழந்ததை ஷ்லிட்ஸ் திரும்பப் பிடித்தது. 1957-ல் நிரந்தரமாக இரண்டாம் இடத்துக்குப் போன பிறகும் இருபது வருஷம் பெரிய கம்பெனியாகவே இருந்தது. விழவைத்தது 1970-களில் நிர்வாகம் செய்த மிச்சம் பிடித்தல். புளிக்கவைக்கும் காலத்தைக் குறைத்தார்கள். பார்லியில் ஒரு பகுதிக்குப் பதில் மக்காச்சோளப் பாகு. பிறகு, கலங்கலைத் தடுக்கப் போட்ட ஒரு சரக்கை மாற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். அது நுரைக்காகச் சேர்த்திருந்த இன்னொன்றோடு சேர்ந்து, பாட்டிலுக்குள் செதில் செதிலாக மிதந்தது. 1976-ல் சுமார் ஒரு கோடி பாட்டிலும் கேனும் திரும்பப் பெறப்பட்டன.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. ஒவ்வொரு மாற்றத்தையும் நேற்றைய பீரோடு ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது, சோதனை பாஸ். பத்து வருஷத்துக்கு முந்தைய பீரோடு யாரும் ஒப்பிடவில்லை. 1981-ல் மறுபடியும் ஒரு வேலைநிறுத்தம் வந்தபோது கம்பெனி மில்வாக்கி ஆலையை மூடியேவிட்டது. அடுத்த வருஷம் டெட்ராய்ட்டின் ஸ்ட்ரோ அதை வாங்கியது. அப்போதும் லவெர்னும் ஷெர்லியும் டிவியில் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கிராஃப்ட் ப்ரூவரிகள் இந்த இடிபாட்டிலிருந்து முளைத்தவை. 1985-ல் ஸ்ப்ரெக்கர் ப்ரூவரியைத் தொடங்கிய ராண்டல் ஸ்ப்ரெக்கர், பாப்ஸ்டில் வேலை பார்த்து, வேலை போனவர். (அவர்கள் செய்யும் ரூட் பீரில் சாராயம் கிடையாது. அதை மட்டும் முழு கிளாஸ் குடித்தேன்.) உள்ளூர், சின்னது, கையால் செய்தது என்பதெல்லாம் இவர்களுடைய பெருமை. நியாயமான பெருமைதான். ஆனால் அதை ஊரின் பழைய மரபு என்று சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது. ஊரின் மரபு அதற்கு நேர் எதிரானது. அன்று பீர் ரயிலேறி ஆட்களைத் தேடிப் போனது. இப்போது ஆட்கள் ரயிலேறி பீரைத் தேடி வருகிறார்கள். அன்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம், இன்று சில டஜன் பேருக்கு. பாப்ஸ்டே தன் பழைய வளாகத்தில் 2017-ல் ஒரு குட்டி ப்ரூவரி திறந்து பார்த்தது. 2020-ல் அதுவும் மூடிவிட்டது. பாப்ஸ்ட் புளூ ரிப்பனைப் பல வருஷம் ஒப்பந்தத்தில் வடித்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பழைய போட்டியாளரான மில்லர்.

மற்ற இடங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கலாட்ராவா வடிவமைத்த கலை அருங்காட்சியகத்தின் சிறகுகள் திறந்து மூடுவதை ஒரு தடவை பார்க்கலாம். ஹார்லி-டேவிட்சன் அருங்காட்சியகம் பைக் பிரியர்களுக்கு. பாப்ஸ்ட் மாளிகையில் பின்னால் 1975 வரை கத்தோலிக்கப் பேராயர்கள் குடியிருந்தார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

தெற்கே புனித ஜோசபாத் பசிலிக்காவுக்கு மட்டும் அவசியம் போங்கள். போலந்துத் தொழிலாளர் குடும்பங்கள், சிகாகோவில் இடித்த தபால் அலுவலகத்தின் கல்லை ரயில் ரயிலாகக் கொண்டுவந்து எழுப்பிய கோயில் அது. 1901-ல் கட்டி முடித்தார்கள். சிகாகோவுக்கு பீர் அனுப்பிய ஊர் அங்கிருந்து திரும்ப வாங்கியதில் இதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கூலிக்காரர்களின் பணத்தில் அப்படி ஒரு குவிமாடம்! பீர் பிரபுக்கள் யாரும் இவ்வளவு உயரமாகக் கட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னும் கிழக்கே பே வியூவில் ஒரு தகவல் பலகை உண்டு. 1886 மே 5-ல் எட்டு மணி நேர வேலை கேட்டு ஊர்வலம் வந்தவர்கள் மேல் இங்கே மாநிலப் படை சுட்டது. குறைந்தது ஏழு பேர் செத்தார்கள். அந்த வாரம் ப்ரூவரித் தொழிலாளர்களும் வேலைக்குப் போகவில்லை. நான் போனபோது பலகையடியில் ஒருவர் நாயோடு நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். லேக்ஃபிரண்டிலிருந்து காரில் பத்துப் பதினைந்து நிமிஷம், டிக்கெட் கிடையாது. வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனால், பலகையைப் படித்துவிட்டு, சாயங்காலம் லேக்ஃபிரண்டில் போல்கா இசையோடு பொரித்த மீன் சாப்பிடத் திரும்பிவிடலாம்.